நோயோடு தொடர்புள்ள நொதியத்தை மட்டும் தடுக்கும் சிறு மூலக்கூறைக் கண்டறிதல்: கொழும்பு ஆய்வாளருக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு நொதியத்தைத் தடுக்கும் சேர்வையைத் தேடிப் பிடிப்பது பெரிய காரியமல்ல. போதிய செறிவில் இட்டால் தேயிலைச் சாயம்கூடப் பல நொதியங்களின் வேலையை நிறுத்திவிடும். நாம் தடுக்க விரும்பும் நொதியத்தைத் தடுத்து, அதன் உறவு நொதியங்களை விட்டுவைக்கும் சேர்வையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். இந்தத் தேர்வுத்தன்மையை ஆய்வின் கடைசிக் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரும்பாலான ஆய்வுத் திட்டங்கள் ஒத்திவைக்கின்றன. அது முதல் நாளிலேயே தீர்மானிக்கப்பட வேண்டியது என்பதும், பின்வரும் ஒவ்வொரு படியும் அந்தத் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டது என்பதும் இவ்வழிகாட்டியின் நிலைப்பாடு.

எடுத்துக்காட்டாக அல்பா குளுக்கோசிடேசை எடுத்துக்கொள்கிறேன். மாப்பொருளும் சீனியும் குளுக்கோசாகப் பிரியும் இறுதிக் கட்டத்தைச் சிறுகுடலில் நடத்துவது இந்நொதியமே. ஆகவே அதைத் தடுத்தால் உணவுக்குப் பின் இரத்தத்தில் குளுக்கோசு ஏறும் வேகம் குறையும். கொழும்பில் இந்த நொதியத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிங்களத்தில் கொத்தல ஹிம்புட்டு என்றும் சித்த வைத்தியத்தில் கடலழிஞ்சில் என்றும் அழைக்கப்படும் கொடியின் மரத்தில் கடைந்த கோப்பையில் இரவு முழுவதும் நீரை ஊறவைத்துக் குடிப்பது இலங்கையில் நீரிழிவுக்கான பழைய வைத்தியம். 1997 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அக்கொடியிலிருந்து சலசினோல் என்னும் நிரோதியை, அதாவது நொதியத்தைத் தடுக்கும் சேர்வையை, பிரித்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டு கோத்தலனோல் வந்தது. சிங்களப் பெயரையே தாங்கி நிற்கும் அந்த மூலக்கூறு இங்கே பிரித்தெடுக்கப்படவில்லை என்பது நம் ஆய்வுகூடங்களுக்குக் கொஞ்சம் உறுத்தலான செய்திதான்.

படி 1: இலக்கையும் எதிரிலக்குகளையும் ஒரே தாளில் எழுதுங்கள்

வேலை தொடங்குமுன் ஒரு தாளில் இரண்டு நிரல்களை வரையுங்கள். இடப்பக்கம் தடுக்க வேண்டிய நொதியம். வலப்பக்கம் தொடக்கூடாத நொதியங்கள். இந்த வலப்பக்க நிரல் வெறுமையாக இருக்கும்வரை ஆய்வைத் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து.

நம் எடுத்துக்காட்டில் இடப்பக்கம் சிறுகுடலின் மோல்ற்றேசு-குளுக்கோஅமிலேசும் சுக்குரேசு-ஐசோமோல்ற்றேசும் வரும். இவை ஒவ்வொன்றிலும் தாக்கம் நடைபெறும் இடங்களான உயிர்ப்பு மையங்கள் இரண்டு உள்ளன. ஆக மொத்தம் நான்கு. அவை நான்கும் ஒரே மூலக்கூறை ஒரே அளவில் ஏற்பதில்லை. வலப்பக்கம் முதலில் வரவேண்டியது, இலைசோசோமிலுள்ள அமில அல்பா குளுக்கோசிடேசு. பிறப்பிலேயே அது குறைந்தவர்களுக்குக் கிளைக்கோசன் தசைகளில் தேங்கிப் பொம்பே நோய் உண்டாகிறது. ஆகவே அதைத் தடுக்கும் மருந்து அந்நோயின் நிழலை உண்டாக்கும். அடுத்தது அகமுதலுருச் சிறுவலையிலுள்ள குளுக்கோசிடேசுகள். புதிதாக உருவாகும் புரதங்களின் வெல்லச் சங்கிலிகளைத் திருத்துபவை இவை. மூன்றாவது சதையி சுரக்கும் அல்பா அமிலேசு. அதையும் சேர்த்துத் தடுத்தால் மாப்பொருள் பிரியாமலே பெருங்குடலை அடையும். அங்குள்ள பற்றீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்கும். சிறுகுடல் நொதியத்தைத் தடுக்கும் நீரிழிவு மருந்தான அகார்போசைக் குடிப்பவர்கள் வயிற்று உப்புசத்தைக் குறைகூறுவதற்கு அது இரண்டு வகை நொதியங்களையும் தடுப்பது ஒரு காரணம்.

இனி, நொதியக் குடும்பங்களைப் பாருங்கள். சிறுகுடல் நொதியங்களும் இலைசோசோம் நொதியமும் வெல்லப் பிணைப்புகளை வெட்டும் நொதியங்களுக்கான கிளைக்கோசைட்டு ஐதரோலேசு வகைப்பாட்டின் 31 ஆம் குடும்பத்தைச் சேர்ந்தவை. மலிவாகவும் இலகுவாகவும் கிடைப்பதால் மாணவர் ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் பயன்படும் மதுவத்தின் அல்பா குளுக்கோசிடேசோ 13 ஆம் குடும்பத்தைச் சேர்ந்தது. அது சதையி அமிலேசுக்குத்தான் நெருங்கிய உறவு. நல்ல மருந்தான அகார்போசு சிறுகுடல் நொதியத்தை மிகக் குறைந்த செறிவிலேயே தடுக்க, மதுவ நொதியத்தை மிக உயர்ந்த செறிவில்தான் தடுக்கிறது. ஆகவே மதுவ நொதியத்தை வைத்து “எமது சாறு அகார்போசைவிட வலிமையானது” என்று எழுதப்படும் முடிவு, அந்தச் சாற்றைப் பற்றி அநேகமாக எதையும் சொல்வதில்லை. அகார்போசு மதுவத்துக்கான மருந்தல்ல என்பதை மட்டுமே சொல்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த வசனம் ஆய்வேடுகளில் வந்துகொண்டேயிருப்பது எனக்கு விளங்காத ஒன்று.

தேர்வுத்தன்மை மூலக்கூறின் வடிவத்தால் மட்டும் அமைவதில்லை. அது போய்ச்சேரும் இடத்தாலும் அமையும். வாய்வழி உட்கொண்ட அகார்போசில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவாகவே உருமாறாமல் இரத்தத்தில் சேர்கிறது. எனவே கலங்களுக்குள் இருக்கும் இலைசோசோம் நொதியத்தை அது எட்டுவதில்லை. எலிகளுக்கு ஊசி மூலம் பெரிய அளவில் செலுத்தியபோது இலைசோசோம்களில் கிளைக்கோசன் தேங்கியது. மறுபக்கம் மிக்லுஸ்ராற் என்ற மருந்தைப் பாருங்கள். கலங்களில் ஒருவகைக் கொழுப்பு தேங்கும் கோஷே நோய்க்காக 2002 இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற இம்மருந்தின் இலக்கு கொழுப்போடு குளுக்கோசை இணைக்கும் வேறொரு நொதியம். ஆயினும் குடலின் இருசக்கரைட்டு நொதியங்களையும் அது தடுப்பதால் வயிற்றுப்போக்கு அதன் மிகப் பரவலான பக்கவிளைவாக உள்ளது. ஒருவருக்கு இலக்காக இருப்பது மற்றொருவருக்கு எதிரிலக்கு. கொழும்பில் எல்லோரும் அறிந்த டெங்குவிலும் இது நடந்தது: வைரசின் உறைப்புரதம் சரியாக மடிவதற்குக் கலத்தின் சிறுவலைக் குளுக்கோசிடேசுகள் வேண்டும் என்பதால் அவற்றைத் தடுக்கும் செல்கோசிவிர் சிங்கப்பூரில் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது, ஆனால் வைரசின் அளவு குறிப்பிடத்தக்க வகையில் குறையவில்லை.

தேர்வுத்தன்மை கூடக்கூட நல்லது என்றும் எண்ணிவிட வேண்டாம். அழற்சியில் பங்குள்ள சைக்ளோ-ஒட்சிசனேசு-2 என்ற நொதியத்தை மட்டும் தடுத்த வலிநிவாரணியான ரொஃபெகொக்சிப், இரைப்பையைக் காத்த போதிலும் மாரடைப்பு அபாயத்தைக் கூட்டியதால் 2004 இல் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆகவே தாளின் வலப்பக்கத்தில் ஒரு நொதியத்தை எழுதும்போது, அதை ஏன் தொடக்கூடாது என்ற காரணத்தையும் பக்கத்தில் ஒரு வரியில் எழுதுங்கள். காரணம் எழுத முடியாவிட்டால் அந்த நொதியம் அங்கே இருக்கத் தேவையில்லை.

படி 2: சரியான நொதியத்தைப் பெறுங்கள்

மனித நொதியத்தின் மீளிணைப்பு வடிவமே, அதாவது அதன் மரபணுவை வேறொரு கலத்தில் புகுத்தி ஆக்கிய வடிவமே, சிறந்தது. மோல்ற்றேசு-குளுக்கோஅமிலேசு வெல்லச் சங்கிலிகள் ஒட்டிய புரதம் என்பதால் ஈ-கோலை பற்றீரியாவில் அதைச் சரியாக ஆக்க முடியாது. பூச்சிக் கலங்கள் வேண்டும். அந்த வசதி இல்லாத ஆய்வுகூடத்துக்கு எலிச் சிறுகுடலின் அசற்றோன் தூள் நடைமுறைக்கு உகந்த மாற்று. அது பல நொதியங்களின் கலவை. ஆனாலும் மோல்ற்றோசைக் கீழ்ப்படையாக, அதாவது நொதியம் வெட்டும் பொருளாக, இட்டால் மோல்ற்றேசின் வேலையும் சுக்குரோசை இட்டால் சுக்குரேசின் வேலையும் தனித்தனியே தெரியும். மதுவ நொதியத்தை முழுதாக ஒதுக்கவும் வேண்டாம். அதை வலப்பக்க நிரலில் ஒரு ஒப்பீட்டு நொதியமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நொதியம் கையில் வந்ததும் கிளிசரோல் சேர்த்துச் சிறு பங்குகளாகப் பிரித்து மறை 80 பாகையில் உறையவிடுங்கள். ஒரு பங்கை ஒரு முறைக்கு மேல் உருக்கக் கூடாது. 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டைக் கண்ட நகரத்தில், ஆழ்குளிரூட்டிக்கு மின்பிறப்பாக்கி இணைப்பு உண்டா என்று கேட்பதும் நொதியவியலின் ஒரு பகுதிதான். ஒவ்வொரு பரிசோதனை நாளிலும் நிரோதி எதுவும் சேர்க்காத நொதியத்தின் வேகத்தைக் குறித்து வைத்தால், அது மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியாமல் போகாது.

படி 3: அளவீட்டு முறையை அமையுங்கள்

நிறம் தரும் செயற்கைக் கீழ்ப்படையான பாரா-நைத்திரோபீனைல் குளுக்கோசைட்டு எல்லோருக்கும் பழக்கமானது. பீஎச் 6.8 கொண்ட பொசுபேற்றுத் தாங்கற் கரைசலில் நொதியம் அதை வெட்டும்போது நைத்திரோபீனோல் விடுபடும். அந்தப் பீஎச்சில் நைத்திரோபீனோலின் ஒரு பகுதி மட்டுமே மஞ்சள் நிற அயனாக இருக்கும்; சோடியம் காபனேற்றுக் கரைசலை ஊற்றிய கணத்தில் அளவீட்டுத் தட்டின் குழிகள் எல்லாம் பளிச்சென்று மஞ்சளாவது அதனால்தான். தாக்கத்தை நிறுத்துவதும் நிறத்தை முழுமையாக்குவதும் ஒரே துளியில் முடிந்துவிடும். பிறகு 405 நனோமீற்றரில் வாசிக்கலாம்.

ஆனால் சிறுகுடல் நொதியத்தின் இயற்கையான உணவு அதுவல்ல. முதல் சலிப்புக்கு, அதாவது பல சேர்வைகளைச் சல்லடையிடும் சோதனைக்கு, அதைப் பயன்படுத்தினாலும், முடிவை மோல்ற்றோசோடும் சுக்குரோசோடும் மறுபடி பார்த்தே ஆகவேண்டும். அப்போது விடுபடும் குளுக்கோசை ஒட்சிடேசு-பெரொட்சிடேசு முறையால் அளப்பது வழக்கம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அம்முறையில் நிறம் தோன்றுவது ஐதரசன் பரவொட்சைட்டின் வழியாக. மூலிகைகளில் நிறைந்திருக்கும் பொலிபீனோல்களோ ஒட்சியேற்ற எதிரிகள். அவை நொதியத்தைத் தொடாமலே நிறத்தை மட்டும் குறைத்துவிடும். நாம் அதை நிரோதம் என்று எழுதிவிடுவோம். நொதியமே இல்லாத குழியில் தெரிந்த அளவு குளுக்கோசையும் உங்கள் சேர்வையையும் இட்டு, இட்ட அளவே வாசிப்பில் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்தச் சேர்வைக்கு இந்த முறை செல்லாது.

அளவீட்டின் ஒழுங்குக்கு நான்கு விடயங்கள் போதும். கீழ்ப்படையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் செலவாகுமுன் வேகத்தை அளக்க வேண்டும். அதன் பிறகு கோடு வளையத் தொடங்கிவிடும். மைக்கேலிஸ் மாறிலியை, அதாவது நொதியம் தன் உச்ச வேகத்தின் பாதியை எட்டும் கீழ்ப்படைச் செறிவை, உங்கள் நொதியத்துக்கு, உங்கள் தாங்கற் கரைசலில், நீங்களே அளக்க வேண்டும். கீழ்ப்படையின் செறிவை அந்த மாறிலிக்குச் சமமாக வைத்தால் எல்லா வகை நிரோதிகளும் ஓரளவுக்கேனும் கண்ணில் படும். சேர்வையைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ எல்லாக் குழிகளிலும், ஒப்பீட்டுக் குழிகள் உட்பட, ஒரே வீதத்தில் இருக்க வேண்டும். நான்காவது வெப்பநிலை: வெளிநாட்டு நெறிமுறைகளில் “அறை வெப்பநிலை” என்று எழுதியிருந்தால் அது 20 முதல் 25 பாகை, குளிரூட்டி நின்றுபோன பிற்பகலில் நமது அறை 30 ஐத் தொடும். அடைகாப்பானில் 37 பாகையில் வைத்துச் செய்வதே பாதுகாப்பானது.

தட்டு முழுவதும் நம்பத்தக்கதா என்பதை 1999 இல் அறிமுகமான ஸீ-பிரைம் எண் சொல்லும். முழு வேகக் குழிகளின் நியம விலகலையும் வேகமற்ற குழிகளின் நியம விலகலையும் கூட்டி மூன்றால் பெருக்கி, இரு சராசரிகளின் வித்தியாசத்தால் வகுத்து, ஒன்றிலிருந்து கழியுங்கள். விடை 0.5 ஐத் தாண்டினால் சலிப்பைத் தொடங்கலாம். தாண்டாவிட்டால் பிழை பெரும்பாலும் குழாயியைப் பிடிக்கும் கையில் இருக்கும்.

படி 4: எந்தச் சேர்வைகளைச் சோதிப்பது

இலட்சக்கணக்கான சேர்வைகளைக் கொண்ட நூலகம் நம்மிடம் இல்லை. அது குறையாகத் தோன்றினாலும் தேர்வுத்தன்மையைத் தேடுபவருக்குப் பெரிய இழப்பு அல்ல. நமக்கு மூன்று வாயில்கள் திறந்திருக்கின்றன.

முதலாவது கணினி. மனித மோல்ற்றேசு-குளுக்கோஅமிலேசின் ஒரு பாதி அகார்போசோடு சேர்ந்திருக்கும் பளிங்கமைப்பு 2008 இல் வெளியானது. புரதத் தரவு வங்கியில் எவரும் அதை இலவசமாகப் பெறலாம். ஓட்டோடொக் வினா போன்ற இலவச மென்பொருளால் சேர்வைகளை அந்தக் குழிவில் பொருத்திப் பார்க்கலாம். அதற்குமுன், பளிங்கில் இருந்த அகார்போசையே கழற்றி மறுபடி பொருத்தச் சொல்லுங்கள். அது பழைய இடத்திலிருந்து இரண்டு ஆங்ஸ்ட்ரோமுக்குள் வந்து நிற்காவிட்டால் மற்றச் சேர்வைகளுக்கு மென்பொருள் தரும் பொருத்தப் புள்ளிகளை நம்ப வேண்டியதில்லை. எதிரிலக்கின் அமைப்பிலும் அதே சேர்வைகளைப் பொருத்திப் பாருங்கள் என்பதே இங்கே முக்கியமான பரிந்துரை. வெல்லத்தைப் போன்ற, நைதரசன் கொண்ட நிரோதிகளுக்குப் புரோத்தன் ஏற்றமுள்ள வடிவத்தைக் கொடுக்க மறந்தால் கணிப்பு முழுவதும் பிழைக்கும். பொருத்தப் புள்ளி ஒரு வரிசைப்படுத்தல் மட்டுமே; பெரிய மூலக்கூறுகளுக்கு அது வீணாகக் கூடுதல் புள்ளி கொடுக்கும் பழக்கமுடையது. பரிசோதனை எதுவும் இல்லாமல் பொருத்தப் புள்ளிகளை மட்டும் வைத்து ஒரு சேர்வையை “மருந்து” என்று அறிவிப்பதை நான் ஏற்பதில்லை.

இரண்டாவது, தெரிந்த நிரோதிகளின் உறவுகள். செம்பிள் போன்ற திறந்த தரவுத்தளங்களில் ஒரு நொதியத்துக்கு எந்தச் சேர்வை எவ்வளவு செறிவில் வேலை செய்தது என்ற பதிவுகள் உள்ளன. எதிரிலக்குக்கும் அதே தேடலைச் செய்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், தேர்வுத்தன்மையின் தடயம் ஆய்வுகூடத்துக்குள் போகுமுன்பே கிடைக்கும்.

மூன்றாவது, தாவரங்கள். புறக்கோட்டை கெபோஸ் லேன் கடைகளில் மூட்டை மூட்டையாக மூலிகைகள் கிடைக்கும். ஆனால் கடைக்காரர் சொல்லும் பெயரை மட்டும் நம்பி ஆய்வைத் தொடங்கக் கூடாது. தாவரவியலாளரால் அடையாளம் காணப்பட்டு உலர்தாவரத் தொகுப்பில் மாதிரி வைக்கப்பட்ட மூலமே செல்லுபடியாகும். சாற்றைத் தட்டில் இடும்போது அதன் நிறம் 405 நனோமீற்றரை உறிஞ்சுகிறதா, அதில் ஏற்கெனவே குளுக்கோசு இருக்கிறதா, தனின்கள் நொதியத்தை வீழ்படிவாக்குகின்றனவா என்று மூன்று கேள்விகளுக்கும் வெறுங்குழிகள் மூலம் விடை பெறுங்கள். சாறு ஒருபோதும் இறுதி விடையல்ல. பின்னமாகப் பிரித்து, ஒவ்வொரு பின்னத்தையும் இலக்கிலும் எதிரிலக்கிலும் சோதித்து, தனிச் சேர்வையை அடையும்வரை தேர்வுத்தன்மை பற்றிப் பேசவே முடியாது.

படி 5: முதற் சலிப்பு

தூய சேர்வைகளை ஒரே செறிவில், வழக்கமாக 10 மைக்ரோமோலரில், இரட்டைக் குழிகளில் சோதியுங்கள். அரைவாசிக்கு மேல் தடுத்தவற்றைப் புதிதாகக் கரைத்து மறுபடி சோதியுங்கள். டிஎம்எஸ்ஓ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கொழும்பின் ஈரப்பதனில் மூடி திறந்த குப்பியிலுள்ள செறிவு இலேபிளில் எழுதிய செறிவாக நீண்ட நாள் இருப்பதில்லை. இங்கே அதிக நேரம் செலவிட வேண்டாம்; சலிப்பு என்பது கழிப்பதற்கான வேலை.

படி 6: பொய்யான நிரோதிகளைக் களையுங்கள்

உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் செல்ல வேண்டும். முதற் சலிப்பில் தேறியவற்றில் கணிசமானவை நொதியத்தின் உயிர்ப்பு மையத்தைப் பார்த்ததே இல்லை.

பிரதான குற்றவாளி திரள்தல். நீரில் நன்கு கரையாத பல சேர்வைகள் மைக்ரோமோலர் செறிவில் நுண்ணிய திரள்களாகச் சேர்ந்து, புரதத்தைத் தம் மேற்பரப்பில் ஒட்டவைத்து முடக்கிவிடும். அமெரிக்க வேதியியலாளர் பிரையன் ஷொய்செற்றின் ஆய்வுக்குழு 2002 அளவில் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. கண்டுபிடிக்கும் வழி மிக எளிது: ட்ரைட்டன் எக்ஸ்-100 என்னும் சவர்க்கார வகைப் பொருளை நூற்றுக்கு 0.01 வீதம் சேர்த்து மறுபடி அளவிடுங்கள். நிரோதம் காணாமற்போனால் அது திரளின் வேலை. அப்பொருள் உங்கள் நொதியத்தைப் பாதிக்கவில்லை என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். நொதியத்தின் அளவைப் பத்து மடங்காக்கும்போது நிரோதம் மறைந்தாலும், செறிவு-விளைவு வளைகோடு இயல்புக்கு மாறாகச் செங்குத்தாக விழுந்தாலும் அதே சந்தேகத்தை வலுப்படுத்திக்கொள்ளலாம். முற்றிலும் தொடர்பற்ற மலேற்று ஐதரசனகற்றி போன்ற ஒரு நொதியத்தையும் அதே சேர்வை தடுக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு நல்ல வழி. இதுவும் ஒருவகை எதிரிலக்குதான்.

அடுத்தது எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளும் வேதியியல். 2010 இல் பெயெலும் ஹொலொவேயும் வெளியிட்ட பட்டியல், எந்த அளவீட்டிலும் வெற்றி பெறுவதுபோல் தோன்றி ஏமாற்றும் கட்டமைப்புகளைத் தொகுத்தது. கட்டெக்கோல்கள், குயினோன்கள், சில ரொடனீன்கள் அதில் அடங்கும். நம் வீட்டு மஞ்சளின் குர்க்குமினும் இந்த வரிசைதான். 2017 இல் வெளியான விரிவான மீளாய்வொன்று, அது நிலையற்றது, பல அளவீடுகளில் குறுக்கிடுவது, உடலில் சரியாக உறிஞ்சப்படாதது என்று காட்டியது. மஞ்சளைக் கறியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. குர்க்குமினைத் தேர்வுத்தன்மையுள்ள நிரோதி என்று எழுதுவதைத்தான் நிறுத்த வேண்டும். ஆனால் பட்டியலை வேதவாக்காகவும் கொள்ளக் கூடாது. அதில் அகப்பட்ட ஒரு சேர்வை உண்மையான நிரோதியாக இருக்கக்கூடும். அது அதிகச் சான்று கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவே.

மீதி உள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். தாங்கற் கரைசலில் டிடிடீ போன்ற தாழ்த்தும் பொருள் இருந்தால் சில சேர்வைகள் ஐதரசன் பரவொட்சைட்டை உற்பத்தி செய்து நொதியத்தை எரித்துவிடும். பரவொட்சைட்டைச் சிதைக்கும் கற்றலேசு நொதியத்தைச் சேர்த்துப் பார்த்தால் உண்மை வெளிவரும். உலோக அயனில் தங்கியிருக்கும் நொதியத்தை உலோகத்தைப் பிடுங்கும் எதுவும் தடுக்கும். கடைசியாகத் தூய்மை: சேர்வையை வேதிமுறையில் தொகுத்தபோது வந்த பலேடியமோ துத்தநாகமோ சிறிதளவு எஞ்சியிருந்தாலே போதும், நிரோதம் அதனுடையதாக இருக்கும். வேறொரு மூலத்திலிருந்து வாங்கிய அல்லது புதிதாகத் தொகுத்த அதே சேர்வை அதே விடையைத் தந்தால் மட்டுமே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

படி 7: நிரோத மாறிலியைக் கணியுங்கள், விகிதத்தை அதில் எடுங்கள்

ஐசி50 என்று வழங்கும் அரை நிரோதச் செறிவு, நீங்கள் இட்ட கீழ்ப்படையின் அளவோடு மாறும் எண். நிரோதி நொதியத்தோடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைகிறது என்பதைக் காட்டும் நிரோத மாறிலி அப்படி மாறாது. உயிர்ப்பு மையத்துக்காகக் கீழ்ப்படையோடு போட்டியிடும் நிரோதிக்கு (போட்டி நிரோதி) 1973 இல் செங்கும் புரூசொஃபும் தந்த தொடர்பு இதை இணைக்கிறது: கீழ்ப்படைச் செறிவை மைக்கேலிஸ் மாறிலியால் வகுத்து ஒன்றைக் கூட்டி, அந்தத் தொகையால் அரை நிரோதச் செறிவை வகுத்தால் நிரோத மாறிலி கிடைக்கும்.

இது ஏன் தேர்வுத்தன்மைக்கு உயிர்நாடி என்பதை ஒரு கணக்கில் பாருங்கள். ஒரு சேர்வை சிறுகுடல் நொதியத்தையும் இலைசோசோம் நொதியத்தையும் 1.1 மைக்ரோமோலரில் அரைவாசி தடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்ப்பவர் தேர்வுத்தன்மை இல்லை என்று அதைத் தூக்கி எறிந்துவிடுவார். ஆனால் முதல் அளவீட்டில் கீழ்ப்படை மைக்கேலிஸ் மாறிலியின் பத்து மடங்கும், இரண்டாவதில் பத்தில் ஒரு பங்கும் இருந்திருந்தால் என்ன? முதலாவதில் 1.1 ஐ 11 ஆல் வகுக்க 0.1, இரண்டாவதில் 1.1 ஐ 1.1 ஆல் வகுக்க 1.0. உண்மையில் பத்து மடங்கு தேர்வுத்தன்மை இருந்தது. எண்களின் போர்வைக்குள் அது மறைந்திருந்தது. இதே தவறு எதிர்த்திசையிலும் நடக்கும். இல்லாத தேர்வுத்தன்மையை இருப்பதாகக் காட்டும். வெவ்வேறு ஆய்வுகளிலிருந்து அரை நிரோதச் செறிவுகளை எடுத்து ஒன்றையொன்று வகுத்துப் போடும் அட்டவணைகளைப் படிக்கும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

மேற்சொன்ன சமன்பாடு போட்டி நிரோதிக்கு மட்டுமே என்பதால், பல கீழ்ப்படைச் செறிவுகளில் வேகங்களை அளந்து எந்த வகை நிரோதம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். அளந்த வேகங்களுக்கு நிரோதச் சமன்பாட்டின் வளைகோட்டையே நேரடியாகப் பொருத்துங்கள். வளைகோட்டை நேர்கோடாக்கும் லைன்வீவர்-பேர்க் வரைபு கண்ணுக்கு விளக்கிக் காட்ட மட்டும் பயன்படட்டும். மிக இறுக்கமாகப் பிணையும் சேர்வைகளுக்கு வேறொரு எல்லை உண்டு: அரை நிரோதச் செறிவு நொதியச் செறிவின் பாதிக்குக் கீழே போகவே முடியாது. அப்போது இறுக்கமாகப் பிணையும் நிரோதிகளுக்கான மொறிசனின் சமன்பாடு வேண்டும்.

மீள்தன்மையையும் இங்கேயே பார்த்துவிடலாம். நொதியத்தை அரை நிரோதச் செறிவின் பத்து மடங்கு நிரோதியோடு அடைகாத்து, பின் ஒரேயடியாக நூறு மடங்கு ஐதாக்குங்கள். வேகம் விரைவில் திரும்பினால் நிரோதி மீள்தன்மையுடையது. மெதுவாகத் திரும்பினால் அது மெல்லப் பிரிகிறது. திரும்பவே இல்லையென்றால் பங்கீட்டுப் பிணைப்பைச் சந்தேகியுங்கள். பங்கீட்டுப் பிணைப்பு நிரோதிகளின் தேர்வுத்தன்மையை அரை நிரோதச் செறிவால் அளப்பது பொருளற்றது, ஏனெனில் அது அடைகாத்த நேரத்தோடு மாறிக்கொண்டே போகும்.

படி 8: பிணைப்பை வேறொரு வழியில் உறுதிசெய்யுங்கள்

நொதிய வேகத்தைச் சாராத ஒரு சான்று வேண்டும். கையில் இருக்கும் கருவியைக் கொண்டே அதைப் பெறலாம்: நிகழ்நேர பிசிஆர் இயந்திரத்தில் சைப்ரோ ஒரேஞ்சு சாயத்தோடு புரதத்தை மெல்லச் சூடாக்கினால், அது குலையும் வெப்பநிலை தெரியும். நிரோதி பிணைந்த புரதம் வழக்கமாகச் சில பாகைகள் பிந்திக் குலையும். அசற்றோன் தூள் போன்ற கலவையில் இது வேலை செய்யாது. தூய புரதம் தேவை. பளிங்கமைப்பு கிடைத்தால் அதற்கு மிஞ்சிய சான்று வேறில்லை. அதற்கு வெளிநாட்டு ஒத்துழைப்பு அநேகமாகத் தேவைப்படும்.

படி 9: தேர்வுத்தன்மையை மூலக்கூறுக்குள் கட்டுங்கள்

இரண்டு நொதியங்களின் உயிர்ப்பு மையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எங்கே வேறுபடுகின்றன என்று தேடுங்கள். வேறுபாடு மிகச் சிறியதாக இருந்தாலும் போதும். சைக்ளோ-ஒட்சிசனேசு-1 இல் 523 ஆம் இடத்தில் ஐசோலியூசின் என்ற அமினோ அமிலம் இருக்க, சைக்ளோ-ஒட்சிசனேசு-2 இல் அதே இடத்தில் வலின் இருக்கிறது. ஒரேயொரு மெதிலீன் கூட்டம் குறைந்ததால் திறந்துகொண்ட பக்கப் பையில்தான் வலிநிவாரணியான செலெகொக்சிப்பின் சல்போனமைட்டுக் கூட்டம் போய் அமர்கிறது. இன்னொரு முனையில் பற்றீரியாவுக்கு எதிரான மருந்தான ட்ரைமெதோபிரிம் நிற்கிறது: டைஐதரோபோலேற்று தாழ்த்தி மனிதரிடமும் பற்றீரியாவிடமும் உண்டு, இருந்தும் பற்றீரிய நொதியத்தோடு அது பல்லாயிரம் மடங்கு இறுக்கமாகப் பிணைகிறது. நீரிழிவிலேயே பார்த்தால் 2006 இல் வந்த சிற்றாகிளிப்ரின் என்ற மருந்து, டிபீபீ-4 என்ற நொதியத்தைத் தடுத்து அதன் உறவுகளான டிபீபீ-8, டிபீபீ-9 ஆகியவற்றை ஆயிரம் மடங்குக்கும் அதிகமாக விட்டுவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது. பின்னவற்றைத் தடுத்த சேர்வைகள் விலங்குகளில் நச்சுத்தன்மை காட்டியதே அதற்குக் காரணம்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் இலக்கையும் எதிரிலக்கையும் ஒரே நாளில், ஒரே கரைசலிலிருந்து அளவிடுங்கள். வீரியம் கூடுவது மட்டும் முன்னேற்றமல்ல. கொழுப்பு நாட்டத்தைக் கூட்டினால் எந்த நொதியத்திலும் வீரியம் கூடும், தேர்வுத்தன்மை குறையும். ஆகவே வீரியத்தின் மடக்கையிலிருந்து கொழுப்பு நாட்டத்தின் மடக்கையைக் கழித்து வரும் எண் ஏறுகிறதா என்று கவனியுங்கள்; ஐந்தைத் தாண்டுவது நல்ல அறிகுறி. கூடவே, உருவத்தில் நெருங்கியதும் நொதியத்தில் செயலற்றதுமான ஒரு சகோதரச் சேர்வையைப் பத்திரமாக எடுத்துவையுங்கள்; அடுத்த படியில் அது இல்லாமல் எதையும் நிறுவ முடியாது.

படி 10: கலத்துக்குள்

முழு முதிர்ச்சி பெற்ற ககோ-2 குடற் கலங்கள் சுக்குரேசு-ஐசோமோல்ற்றேசைத் தம் மேற்பரப்பில் காட்டும். அதற்கு மூன்று வாரம் அளவில் வளர்க்க வேண்டும். அக்கலங்களில் சுக்குரோசு பிரிவது குறைகிறதா, செயலற்ற சகோதரச் சேர்வையால் அது குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் கலத்துக்குள் புகாமல் இருப்பதே விரும்பத்தக்கது என்பதால், படலத்தைக் கடக்கும் வேகம் குறைவாக இருப்பது இங்கே குணம். பெரும்பாலான மருந்துகளுக்கு அது குற்றம். கலத்துக்குள் இருக்கும் இலக்கானால், 2013 இல் சுவீடனிலிருந்து வந்த கல வெப்ப நகர்வு முறை, சேர்வை உள்ளே போய் உரிய புரதத்தோடுதான் பிணைந்ததா என்று காட்டும். ஏடிபீயைப் பயன்படுத்தும் நொதியங்களான கினேசு போன்றவற்றில் கலத்துக்குள் இருக்கும் மில்லிமோலர் அளவு ஏடிபீயோடு நிரோதி போட்டியிட வேண்டியிருப்பதால், குழாயில் தெரிந்த வீரியம் கலத்தில் பல மடங்கு குறையும்.

வேதியியல் ஆய்வுக் கருவி என்று ஒரு சேர்வையை அழைக்கப் பொதுவாக எதிர்பார்க்கப்படும் தரம், குழாயில் 100 நனோமோலருக்குக் கீழான வீரியம், உறவு நொதியங்களுக்கு எதிராக 30 மடங்குத் தேர்வுத்தன்மை, கலத்தில் ஒரு மைக்ரோமோலர் அளவில் இலக்கின் மீது செயல் ஆகியன. இதை எட்டாத சேர்வை பயனற்றதல்ல. ஆனால் அதைக் கொண்டு “இந்த நொதியமே காரணம்” என்று கூறும் உரிமை இல்லை. மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதியமான சைற்றோகுரோம் 3ஏ4, இதயத்தின் ஹேர்க் அயன் வாய்க்கால் இரண்டையும் இக்கட்டத்தில் எதிரிலக்கு நிரலில் சேர்த்துவிடுங்கள்.

படி 11: அனுமதியும் காப்புரிமையும்

தாவரப் பொருளை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புமுன், விலங்கு மற்றும் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். ஒரு சிறு குப்பித் தூளும் இதற்கு விலக்கல்ல. ஒத்துழைக்கும் நிறுவனத்தோடு பொருட்கள் பரிமாற்ற உடன்படிக்கையை மாதிரி புறப்படுமுன்பே எழுதிக் கையொப்பமிடுங்கள். அதில் அந்த மாதிரியிலிருந்து பிறக்கும் புதிய சேர்வைகள் யாருக்குச் சொந்தம் என்ற வாக்கியம் இருக்கிறதா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். காப்புரிமை விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் கட்டமைப்பை மாநாட்டுச் சுருக்கத்திலோ சுவரொட்டியிலோ காட்ட வேண்டாம். ஐரோப்பாவில் விண்ணப்பத் திகதிக்கு ஒரு நாள் முந்திய வெளியீடும் புதுமையை அழித்துவிடும். பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலரிடம் முதலில் கொண்டுபோக வேண்டியது, இரு நிரலிலும் நிரோத மாறிலிகள் நிரப்பப்பட்ட, படி 1 இன் அதே தாள்.